பழைய சுவெற்றரிலிருந்து புதிய உடுப்பு: பிரிப்பதா, சுருக்குவதா, வெட்டுவதா?

சென்ற ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை, கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பழைய உடுப்புக் கடைகளில் மொத்தம் 22 சுவெற்றர்கள் வாங்கினேன். ஒன்றுக்கும் 14 டொலருக்கு மேல் கொடுக்கவில்லை. பெரும்பாலானவை 8 அல்லது 9 டொலருக்குக் கிடைத்தவை. அவற்றில் இரண்டை நூலாகப் பிரித்து ஒரு கையில்லாச் சட்டை பின்னினேன். ஒன்பதை வெந்நீரில் சுருக்கிக் கையுறைகளும் தொப்பிகளும் தைத்தேன். ஏழை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தி, முழங்காலளவு நீண்ட கோட்டு ஒன்றாக்கினேன். ஒன்றின் முன்பக்கத்தை மட்டும் வெட்டித் திறந்தேன். இரண்டு என் கையாலேயே பழுதாகிப் போயின. மிஞ்சிய ஒன்று அப்படியே அணியக்கூடியதாக இருந்ததால் அதைத் தொடாமல் அணிந்துகொண்டிருக்கிறேன்.

இந்த மூன்று முறைகளுக்கும் தனித்தனியே பற்றாளர்கள் இருக்கிறார்கள். பின்னல் தெரிந்தவர்கள் பிரிப்பதையே உயர்வாகச் சொல்வார்கள். தையல் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு வெட்டுவதுதான் இயல்பாகப் படும். சலவை இயந்திரத்தில் தற்செயலாக ஒரு நல்ல சுவெற்றரைப் பாழாக்கியவர்களில் பலர் அந்த விபத்திலிருந்தே சுருக்கும் முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே குளிர்காலத்தில் செய்து பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு: எந்த முறை சிறந்தது என்று வீட்டில் இருந்தபடி தீர்மானித்துவிட்டுக் கடைக்குப் போவதில் பயனில்லை. அநேகமான சுவெற்றர்கள் தமக்கு எந்த முறை பொருந்தும் என்பதைத் தம் லேபலிலும் உட்தையலிலும் எழுதி வைத்திருக்கின்றன. அதை வாசிக்கத் தெரியாமலும் துணியைச் சரியாகப் பார்க்காமலும் வாங்கியதால்தான் என்னுடைய இரண்டு சுவெற்றர்களும் பழுதாகின.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலாவது, இழை. கம்பளி, கஷ்மீர், மொஹேர் போன்ற விலங்கு முடிகள் ஒரு வகை. பருத்தி இன்னொரு வகை. அக்ரிலிக், பொலியெஸ்ரர், நைலோன் ஆகிய செயற்கை இழைகள் மூன்றாவது வகை. லேபல் இருந்தால் கவலையில்லை. லேபலை யாராவது வெட்டி எறிந்திருந்தால், வீட்டுக்குக் கொண்டுவந்த பின் உள்மடிப்பிலிருந்து ஒரு விரலளவு நூலை எடுத்து, குறட்டால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நெருப்புக் காட்டிப் பார்க்கலாம். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்தவுடன் அணைந்துவிடும், முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பலை விரலால் பொடியாக்க முடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். ஆறிய பிறகு கறுத்த கடினமான மணியாக நிற்கும். பருத்தி கடதாசி எரிவதுபோல் எரியும். கலப்பு நூலில் இந்தச் சோதனை கொஞ்சம் குழப்பும் என்றாலும், மணி கட்டுகிறதா இல்லையா என்பதே நமக்குப் பெரும்பாலும் போதுமானது.

இரண்டாவது, தையல். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பெரியம்மா. இலங்கையின் நுவரெலியாவில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். அந்தக் குளிரில் பிள்ளைகள் வளர வளர அவர்களின் சுவெற்றர்களைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாகப் பின்னிக் கொடுத்த கை அவருடையது. முதல் தடவை அவரைக் கடைக்கு அழைத்துச் சென்றபோது, நான் அழகான நீலச் சுவெற்றர் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதை வாங்கி, உட்பக்கத்தை வெளியே புரட்டி, பக்கத் தையலை இரண்டு பெருவிரல்களாலும் விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொளுவிவிட்டார். "பிள்ளை, முதல்ல தையலைப் பார், பிறகு நிறத்தைப் பார். இது வெட்டித் தைச்சது, உனக்கு நூல் வராது" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். சுவெற்றர்கள் இரண்டு விதமாகச் செய்யப்படுகின்றன. ஒரு விதத்தில் முன்பாகம், பின்பாகம், கைகள் ஆகிய ஒவ்வொன்றும் அதனதன் வடிவத்திலேயே பின்னப்பட்டு, ஓரங்கள் சங்கிலித் தையலால் இணைக்கப்படுகின்றன. அங்கே நூல் ஓரத்துக்கு ஓரம் திரும்பித் திரும்பி ஓடுவதால், தையலைப் பிரித்துவிட்டால் முழுப் பாகமும் ஒரே நீள நூலாக இறங்கி வரும். அக்குளைச் சுற்றிச் சாய்வாக ஒரு வரிசைக் கண்ணிகள் (பின்னல் வளையங்கள்) குறுக்கப்பட்டிருப்பது இதற்கு நல்ல அடையாளம். மற்ற விதத்தில், பின்னிய துணியைச் சுருளாகச் செய்து, சட்டைத் துணியைப் போல வெட்டி, ஓரங்களை ஓவர்லொக் அடித்து, அதாவது வெட்டிய ஓரத்தை நூலால் சுற்றித் தைத்து, இணைக்கிறார்கள். அந்த ஓரத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுபட்டிருக்கும். அதைப் பிரித்தால் கிடைப்பது அரை மீற்றர் நீளத் துண்டுகள்தான். பெரியம்மாவின் சொல்லைக் கேட்பதற்கு முந்திய வாரம் நான் வாங்கி, ஒரு ஞாயிறு முழுவதும் இருந்து பிரித்த பச்சைச் சுவெற்றர் இந்த வகை. அன்று மாலை என் மடியில் ஒரு கிண்ணம் இடியப்பம்போல் நூல் துண்டுகள் கிடந்தன.

மூன்றாவது, பூச்சி. கம்பளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பூச்சி அரித்த சிறு துளைகள் தெரியும். பிரிப்பதற்கு வாங்கும்போது ஒரு துளைகூட இருக்கக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு துளையும் ஒரு முடிச்சு. துளை பல என்றால் என்னுடைய இரண்டாவது பழுதைப் போல, நூல் எங்கே தொட்டாலும் அறுந்துகொண்டே வரும். சுருக்குவதற்கு வாங்கும்போது சிறு துளைகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அவை சுருங்கும்போது மூடிக்கொள்ளும், அல்லது அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டிக்கொள்ளலாம். எந்த முறையானாலும், வாங்கிய கம்பளியை நெகிழிப் பையில் இறுகக் கட்டி இரண்டு கிழமைகள் வீட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டே அலமாரிக்குள் அனுமதிக்கிறேன்.

பிரித்துப் பின்னுதல்

இது நெடுநாளைய வழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் 1941 ஆம் ஆண்டு உடுப்புப் பங்கீடு வந்து, பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தபோது, வீடுகளில் பழைய பின்னலாடைகளைப் பிரித்து மறுபடி பின்னுவது சாதாரண வேலையாயிற்று. நுவரெலியாவில் பெரியம்மா செய்ததும் பங்கீடு இல்லாத அதே சிக்கனம்தான்.

செய்முறை நீளமானது, அதன் நீளத்தைச் சொன்னால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். சங்கிலித் தையலின் சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால், அரிசி மூடையின் வாய்த் தையல் அவிழ்வதுபோல் அது சரசரவென்று ஒரே இழுப்பில் கழன்று வரும். தவறான முனையைப் பிடித்தால் ஒவ்வொரு கண்ணியாக வெட்ட வேண்டும். சுவெற்றர்கள் பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் பின்னப்படுவதால், பிரிப்பது மேலிருந்து கீழாக, கழுத்துப் பட்டையிலிருந்து தொடங்க வேண்டும். இறங்கிவரும் நூலைக் கதிரையின் முதுகில் சுற்றிக்கொண்டே போய், சிட்டமானதும் நான்கு இடங்களில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி எடுக்க வேண்டும். அப்போது அந்தச் சிட்டம் அவித்த நூடில்ஸ்போல் வளைவு வளைவாக இருக்கும். அதை அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, துவாயில் சுருட்டிப் பிழிந்து, குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டால், அடுத்த நாள் காலையில் நூல் நிமிர்ந்திருக்கும். பருத்தியும் அக்ரிலிக்கும் இவ்வளவு பணிவாக நிமிர்வதில்லை.

என்னுடைய சாம்பல் நிறச் சுவெற்றர் 520 கிராம் எடையுடையது. அதிலிருந்து பின்னத்தக்க நூலாக 430 கிராம் கிடைத்தது. தையல் கழற்றவும் பிரிக்கவும் கழுவவும் ஏழு மணித்தியாலம் சென்றது. அதே தரத்திலான புதிய கம்பளி நூலை இங்கே வாங்கினால் 100 கிராம் சிட்டம் ஒன்று 15 டொலருக்குக் குறையாது. ஆகவே சுவெற்றரின் விலையைக் கழித்தால் நான் மிச்சப்படுத்தியது 55 டொலர் அளவில். ஒரு மணித்தியாலத்துக்கு எட்டு டொலர் என்பது ஒன்ராறியோவில் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட வராது. அதன் பிறகு பின்னுவதற்கு ஏறக்குறைய நாற்பது மணித்தியாலம் தனி. பணத்தை மிச்சம் பிடிக்கும் வழியாக இதைப் பரிந்துரைப்பவர்கள் பிரிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே என் குறை. கஷ்மீர் ஒன்றுதான் விதிவிலக்கு: புதிய கஷ்மீர் நூலின் விலை அவ்வளவு உயர்வாக இருப்பதால் அங்கே கணக்கு நேரெதிராக மாறுகிறது. ஆனால் கடைக் கஷ்மீர் மிக மெல்லிய நூலால் பின்னப்பட்டது. இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துப் பிடித்தாலொழிய கைப்பின்னலுக்கு உதவாது.

ஆனாலும் முடிவில் கிடைக்கும் உடுப்பில் இந்த முறைக்கு நிகரில்லை. வெட்டு இல்லை, தடித்த தையல் இல்லை, என் அளவுக்கு என் கையால் பின்னிய சட்டை. அது முன்பு வேறொன்றாக இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. பெரியம்மா மட்டும் அதை வாங்கி, வழக்கம்போல உட்பக்கத்தைப் புரட்டி, முடிச்சுகளை எண்ணினார். பதினொன்று இருந்தன. "பரவாயில்லை" என்றார், அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

வெந்நீரில் சுருக்கித் தைத்தல்

சிறுவயதில் நெற்கதிர் ஒன்றைச் சட்டைக் கைக்குள் விட்டு, கையை ஆட்ட ஆட்ட அது தானாகத் தோள்வரை ஏறுவதைப் பார்த்துச் சிரித்திருப்போம். கதிரின் சுணைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அது முன்னே மட்டும் நகரும், பின்னே வராது. கம்பளி இழையும் அப்படித்தான். அதன் மேற்பரப்பில் மீன் செதில்களைப் போல ஒரு பக்கமாக அடுக்கிய நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் ஊறி, இயந்திரத்தில் புரண்டு அடிபடும்போது, ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைகளுக்குள் ஒரு திசையில் மட்டும் ஊர்ந்து சிக்கிக்கொள்கிறது, திரும்பிவர முடிவதில்லை. சற்று நேரத்தில் கண்ணிகளின் உருவமே மறைந்து, பின்னல் துணி தடித்த ஃபெல்ற் துணியாகிவிடுகிறது. அதை எங்கே வெட்டினாலும் ஓரம் பிசிர்விடாது, கண்ணி ஓடாது. இந்த ஒரு குணத்தால்தான் தையலில் அதிகம் பழக்கமில்லாதவர்களுக்கும் இந்த முறை கைகொடுக்கிறது.

இதற்கு விலங்கு முடியே வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. இயந்திரத்தில் கழுவலாம் என்று விற்கப்படும் கம்பளியில், குளோரின் கொண்டு செதில்களின் விளிம்பை மழுக்கி, அதன்மேல் பிசின் பூச்சும் பூசியிருப்பார்கள். சுருங்கக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட அந்தக் கம்பளி, நாம் எவ்வளவு வற்புறுத்தினாலும் சுருங்காது. நூறு வீதம் மெரினோ கம்பளி என்று லேபலைப் பார்த்து மகிழ்ந்து வாங்கிய கருநீலச் சுவெற்றர் ஒன்றை மூன்று தடவை வெந்நீரில் சுழற்றினேன். மூன்றாம் தடவை அது முன்னிலும் சுத்தமாக வெளியே வந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பிறகுதான் லேபலின் கீழ்ப்பகுதியை வாசித்தேன். தொட்டிச் சின்னத்துக்குள் 40 என்று போட்டிருந்தது, அதாவது 40 பாகை நீரில் இயந்திரத்தில் கழுவலாம். கையால் மட்டும் கழுவுக, உலர்சலவை மட்டும் என்று எச்சரிக்கும் லேபல்களே நமக்கு வேண்டியவை; உற்பத்தியாளர் எதைச் செய்யாதே என்கிறாரோ அதைத்தான் நாம் செய்யப் போகிறோம்.

சுவெற்றரை சிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டே இயந்திரத்தில் இட வேண்டும். இல்லாவிட்டால் உதிரும் மயிர் வடிகுழாயை அடைத்துவிடும். கூடவே பழைய ஜீன்ஸ் ஒன்றைப் போட்டால் அடிபடுவதற்கு ஆள் கிடைக்கும். நடுவே தூண் வைத்த, மேலிருந்து திறக்கும் பழைய இயந்திரங்கள் இந்த வேலைக்குச் சிறந்தவை. முன்னால் திறக்கும் புதியவற்றில் இரண்டு சுற்றுத் தேவைப்படும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் அகலத்தைவிட நீளம்தான் அதிகம் குறையும். என்னுடைய சிவப்புச் சுவெற்றர் 64 சென்ரிமீற்றர் நீளமும் 52 அகலமுமாக உள்ளே போய், 44 க்கு 42 ஆக வெளியே வந்தது. வெள்ளையும் மிக வெளிர் நிறங்களும் சில வேளை ஒழுங்காக இறுகுவதில்லை. ஒரே சுற்றில் எல்லாவற்றையும் போட்டுவிடாமல், சுற்றுக்கு ஒன்று அல்லது இரண்டாகப் பார்த்துப் பார்த்து எடுப்பதே நல்லது, ஏனெனில் கூடுதலாக இறுகியதைத் தளர்த்த வழியில்லை.

இந்தத் துணியின் தகுதி கையுறையில் தெரியும். 2021 ஜனவரி 20 அன்று ஜோ பைடனின் பதவியேற்பில் அமெரிக்க செனற்றர் பேர்னி சாண்டர்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டு மடிப்புக் கதிரையில் இருந்த படம் உலகெங்கும் ஓடியதே, அவர் கையில் இருந்தவை வெர்மொன்ற் மாநிலத்துப் பாடசாலை ஆசிரியை ஜென் எலிஸ் பழைய சுவெற்றர்களிலிருந்து தைத்துக் கொடுத்தவை. உள்ளே பிளாஸ்ரிக் போத்தல்களை மறுசுழற்சி செய்த ஃபிளீஸ் துணி லைனிங். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தவர்கள் ஏராளம் என்று நினைக்கிறேன், நானும் அவர்களில் ஒருத்தி. கையுறைக்கு உள்ளங்கை மேல்பாதி, கீழ்ப்பாதி, புறங்கை என மூன்று துண்டுகள் போதும். சுவெற்றரின் கீழ்விளிம்பில் உள்ள, இழுபடும் வரிவரியான ரிப் பட்டியை வெட்டி எடுத்து மணிக்கட்டுக்கு வைத்தால், அந்தப் பிடிப்பைப் புதிதாகப் பின்ன வேண்டியதில்லை. ஒரு பெரிய ஆண் சுவெற்றரிலிருந்து இரண்டு சோடி எடுத்தேன். சோடி ஒன்றுக்கு இரண்டரை மணித்தியாலம். ஜனவரியில் பேருந்துத் தரிப்பில் நிற்கும்போது, கடையில் வாங்கிய என் பின்னல் கையுறைக்குள் புகும் காற்று இதற்குள் புகுவதில்லை.

உடம்பில் அணியும் உடுப்புக்கு இதே தகுதிகள் குறைகளாகின்றன. ஃபெல்ற் துணி இழுபடாது, விழுந்து தொங்காது. அக்குளிலும் முழங்கையிலும் பலகைபோல் நிற்கும். நான்கு மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் வீட்டுத் தையல் இயந்திரம் திணறும். தடித்த 100/16 எண் ஊசி போட்டும் எனக்கு இரண்டு ஊசிகள் உடைந்தன. ஒருவகைக் குட்டை மேற்சட்டை தைக்கலாம் என்றுதான் ஆசைப்பட்டேன். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே எழும்பியது. அதை வெட்டித் தொப்பிகளாக்கிவிட்டேன்.

வெட்டிப் பொருத்துதல்

சுருங்காத கருநீல மெரினோவும், ஓவர்லொக் அடித்த பிற சுவெற்றர்களும், அக்ரிலிக்கும், பருத்தியும் எல்லாம் வந்து சேரும் இடம் இதுதான். பிரிக்கும் முறையும் சுருக்கும் முறையும் தள்ளிவிட்டதை இது ஏற்றுக்கொள்கிறது. சுவெற்றர்களைப் பின்னல் துணியாகவே வைத்துக்கொண்டு, கைகளைக் கைகளாகவும், உடற்பாகங்களை மேலே ஒடுங்கிக் கீழே விரியும் நீண்ட துண்டுகளாகவும் வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி, ஒன்றோடொன்று தைத்தால் இடுப்பில் பொருந்திக் கீழே விரியும் கோட்டு வந்துவிடும். ரிப் பட்டிகள் கையின் நுனிக்கும் கழுத்துக்கும் போகும். முன்பக்கத்துக்குத் தெறி வைத்தால் தெறி ஓட்டை இழுபட்டு வாய் பிளக்கும். ஆகவே நான் சிப் வைத்தேன்.

கடினம் முழுவதும் இழுபடும் தன்மையில்தான் இருக்கிறது. வெட்டியவுடன் கண்ணிகள் ஓடத் தொடங்கும். இயந்திரத்தின் கீழே தள்ளும்போது ஓரம் அலை அலையாக நெளியும். முன் பல்லும் பின் பல்லும் வெவ்வேறு வேகத்தில் துணியை இழுக்கும்படி மாற்றியமைக்கக்கூடிய ஓவர்லொக் இயந்திரம் இருந்தால் இந்த நெளிவைப் பெருமளவு அடக்கலாம். என்னிடம் அது இல்லை. உருண்டை முனை ஊசி போட்டு, அழுத்தத்தைத் தளர்த்தி, வளைவுத் தையலில் (ஸிக்ஸாக்) இரண்டு தடவை ஓட்டினேன். தோளில் மட்டும் பருத்தி நாடா ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தேன், இல்லாவிட்டால் கோட்டின் முழுப் பாரமும் தோளை இழுத்து முழங்கைக்குக் கொண்டுவந்துவிடும். தைத்து முடித்து ஈரத்துணிக்கு மேலே நீராவி காட்டியபோது கம்பளித் துண்டுகளில் நெளிவு பாதியாகக் குறைந்தது. அக்ரிலிக் துண்டில் இதைச் செய்யக் கூடாது. சூடு பட்டால் அது மீண்டும் சுருண்டெழும் குணத்தை நிரந்தரமாக இழந்து துவண்டுவிடும்.

ஏழு சுவெற்றர்களும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும் என்பதை நான் பாதி வேலையில்தான் உணர்ந்தேன். தடித்த துண்டு மெல்லிய துண்டைக் கீழே இழுக்கும். இரண்டு மாதங்களில் விளிம்பு ஒரு பக்கம் இரண்டு விரலளவு இறங்கிவிட்டது. கோட்டின் எடை 1.7 கிலோ. அதைக் கொளுவித் தொங்கவிடுவதில்லை, மடித்தே வைக்கிறேன். கழுவுவதிலும் சுதந்திரம் இல்லை. ஏழில் மிகவும் நோஞ்சானான துண்டு எதைத் தாங்குமோ அதையே முழுக் கோட்டுக்கும் செய்ய வேண்டும், அதாவது குளிர்ந்த நீரும் கையும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே கழுவி நிறம் போகிறதா என்று பார்க்காவிட்டால், சிவப்புத் துண்டு ஏதாவது இருந்தால் அது ஒரு நாள் முழுக் கோட்டையும் தன் நிறமாக்கிவிடும்.

நேரம் பதினாறு மணித்தியாலம், சுவெற்றர் செலவு 61 டொலர். வேறெந்த முறையும் இவ்வளவு குறைந்த நேரத்தில் ஒரு முழு மேலுடுப்பைத் தராது. நிறங்களை அடுக்குவதில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் இந்த வகைக் கோட்டு கோமாளி வேடம்போல் ஆகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நான் சாம்பல், கருநீலம், கத்தரிப்பூ நிறம் ஆகிய மூன்றுக்கு மேல் போகவில்லை.

முன்பக்கத்தை மட்டும் வெட்டித் திறப்பது இதன் சிறு உறவினர். ஷெட்லாந்துத் தீவுகளிலும் நோர்வேயிலும் பல நிறச் சுவெற்றர்களைக் குழாய்போல் வட்டமாகப் பின்னி முடித்துவிட்டு, பிறகு கத்தரிக்கோலால் முன்பக்கத்தை நேராக வெட்டித் திறக்கும் மரபு உண்டு. அந்தக் கம்பளியின் ஒட்டும் தன்மையால் கண்ணிகள் எளிதில் ஓடுவதில்லை. தலைவழியே போடும் சுவெற்றரை முன்னால் திறக்கும் காடிகனாக மாற்ற இதே வழி போதும்: வெட்டப்போகும் நேர்க்கோட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு தையல் ஓட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவே வெட்டி, உள்ளே நாடா வைத்து மடித்துவிட வேண்டும். மூன்று மணித்தியால வேலை. அளவும் தோளும் ஏற்கெனவே பொருந்துகிற சுவெற்றர் கையில் இருந்தால், வேறெதையும் யோசிக்காமல் இதையே செய்யலாம்.

இயந்திரத்தின் பிரிப்பு

கையால் செய்வதை ஒப்பிடும்போது, இதே மூலப்பொருளில் ஆலைகள் செய்வதையும் ஒரு கண் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பற்லி என்ற ஊரில் பெஞ்சமின் லோ 1813 ஆம் ஆண்டளவில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து இழையாக்கி, புதிய கம்பளியோடு கலந்து மறுபடி நூற்கும் முறையைத் தொடக்கிவைத்தார். இன்று இத்தாலியின் பிராற்றோவும் இந்தியாவின் பானிப்பட்டும் இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. குளிர்நாடுகளில் கழித்துவிட்ட சுவெற்றர்கள் பொதி பொதியாகப் பானிப்பட்டில் இறங்கி, தெறிகளும் சிப்புகளும் வெட்டப்பட்டு, நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு, பற்கள் கொண்ட இயந்திரங்களில் கிழிபட்டு, மலிவான போர்வைகளாகின்றன. நிறத்தின்படி பிரிப்பதால் புதிதாகச் சாயமிடும் வேலையும் தண்ணீரும் மிச்சம். ஆனால் கிழிக்கும்போது இழை குறுகிவிடுகிறது. குறுகிய இழையால் நூற்ற நூல் வலுவற்றது, சொரசொரப்பானது. பெரியம்மா கதிரை முதுகில் சுற்றிய நூலில் அந்த இழப்பு இல்லை, ஆட்டிலிருந்து வந்த நீளம் அப்படியே இருக்கிறது. ஆலை ஒரு நாளில் கிழிப்பதைப் பிரிக்கப் பெரியம்மாவுக்கு ஓர் ஆயுள் போதாது என்பதும் உண்மை.

என் தேர்வு

பின்னுவதே இன்பமாக உள்ளவர்களுக்கு மட்டுமே பிரிக்கும் முறையைச் சொல்வேன். அதுவும் ஓட்டையில்லாத, சங்கிலித் தையல் போட்ட, நடுத்தரத் தடிப்புக் கம்பளி கிடைத்தால் மட்டும். வெட்டிப் பொருத்துவது கண்ணுக்கு மிகவும் கவர்ச்சியானது, ஆனால் தையலில் கொஞ்சம் தழும்பேறிய கையும், கிடைத்த சுவெற்றர்களில் பாதியைத் திரும்ப வைக்கும் மனமும் வேண்டும். முதற்தடவை செய்கிறவருக்குச் சுருக்கும் முறையே பொருத்தம். பிழை விட்டாலும் இழப்பது ஒரு கையுறையளவு துணிதான். வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டு போகாது. இரண்டாவது மாலையில் அணியத்தக்க பொருள் ஒன்று கையில் இருக்கும்.

தொடங்குவதற்கு, கையால் மட்டும் கழுவுக என்று எழுதிய, 100 வீதக் கம்பளியாலான, கடும் நிறமுள்ள ஆண் சுவெற்றர் ஒன்றைப் பெரிய அளவில் வாங்குங்கள். சுருக்குவதற்கு முன் கீழ் ரிப் பட்டியின் ஓரங்களில் பருத்தி நூலால் பெரிய தையல் ஒன்று ஓட்டிவிட்டால் அது அலையலையாக விரியாமல் நிற்கும். கையுறை வெட்டும்போது பெருவிரலுக்கு நீங்கள் நினைப்பதைவிட ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக விடுங்கள், ஏனெனில் லைனிங் வைத்த பிறகு முதலில் இறுகுவது அந்த இடம்தான்.